இரு நாட்டு மின்னாக்கமும் மெதேன் வாயுவும்

ஒளியை விரும்பாதார் உலகில் இலர். ஆயின், அவ்வொளியைப் பெறுதற்கு வளிமண்டலம் செலுத்தும் விலை யாது என ஆராய்வார் மிகச் சிலரே. இலங்கையும் இந்தியாவும் மின்னாக்கத்தின் பொருட்டு வெளிப்படுத்தும் மெதேன் வாயுவை ஒப்பிட்டு, அவ்விலையின் ஒரு கூற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெதேன் என்பது ஒரு காபன் அணுவும் நான்கு ஐதரசன் அணுக்களும் கூடியமைந்த வாயு. நிறமும் மணமும் அற்றது. வளிமண்டலத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நிலைப்பினும், வெப்பத்தைத் தடுத்து வைக்கும் ஆற்றல் மிக்கது. 100 ஆண்டுக் கணக்கில் ஒரு தொன் மெதேன் ஏறத்தாழ 28 தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடாகும். 20 ஆண்டுக் கணக்கிலோ 80 தொன்னையும் விஞ்சும்.

நிலக்கரி உருவான காலத்தே மெதேனும் உடன் உருவாகி, அதன் நுண்துளைகளில் அடைபட்டுக் கிடக்கின்றது. கரியை அகழுமிடத்து அழுத்தந் தளர்தலால் அவ்வாயு வெளிப்படும். சுரங்கங்களில் தீப்பற்றி வெடித்துத் தொழிலாளர் பலரின் உயிரைக் கவர்ந்தது இதுவே. இதற்கு அஞ்சியே ஹம்பிரி டேவி என்னும் அறிஞர் 1815 ஆம் ஆண்டிற் காப்பு விளக்கொன்றை அமைத்தார். எனவே, நிலக்கரி மின்னாக்கத்தில் மெதேன் பெரிதும் வெளியேறுவது புகைபோக்கியினின்றும் அன்று; சுரங்கத்தினின்றுமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. உலையின் புகையில் மிக்கிருப்பது காபனீரொட்சைட்டே.

இனி இரு நாடுகளையும் நோக்குவோம். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியினாற் பெறப்படுவது. 2024–25 ஆம் நிதியாண்டில் அந்நாடு 100 கோடி தொன்னுக்கு மேல் நிலக்கரி அகழ்ந்தது. அதிற் பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கங்களிற் பெறப்படுவதால், ஆழ்சுரங்கக் கரியிலும் தொன்னொன்றுக்கு வெளிப்படும் வாயு குறைவே. எனினும், அகழப்படும் அளவின் பெருமையால் மொத்தம் பெருகிவிடுகின்றது.

இலங்கையிலோ நிலக்கரிச் சுரங்கம் ஒன்றேனும் இல்லை. நுரைச்சோலையிலுள்ள 900 மெகாவாற்று அனல் மின்நிலையத்துக்கு வேண்டும் கரி முழுவதும் கப்பலிலேயே வருகின்றது. 1992 ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சமவாயத்தின் வழி, ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் வெளியேறும் வாயுவையே கணக்கிடும். ஆதலால் நாம் எரிக்கும் கரிக்குரிய சுரங்க மெதேன், கரியை விற்ற நாட்டின் ஏட்டிற் பதியப்படுகின்றது. நமது ஏட்டின் தூய்மையில் ஒரு பகுதி பிறர் ஏட்டின் கறை என்பது இதனாற் புலனாகும்.

நீர்மின்னும் முற்றிலும் குற்றமற்றதன்று. 1950 இல் இயங்கத் தொடங்கிய லக்சபான முதலாக நம் நாடு நீர்வலுவை நம்பி வந்துளது. நீர்த்தேக்கங்களில் அமிழ்ந்த இலை தழைகள், ஒட்சிசன் அருகிய சேற்றில் அழுகி மெதேனைத் தோற்றுவிக்கும். வெப்பமிகு நாடுகளில் இது விரைந்து நிகழும்.

நிற்க, இவ்வொப்பீடு நம் திருகோணமலைக்கும் நெருங்கிய தொடர்புடையது. கொட்டியாரக் குடாவின் கரையிலே, சம்பூரில், இந்தியாவுடன் கூட்டாக 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2016 இற் கைவிடப்பட்டது. அது எழுந்திருப்பின் சாம்பலும் புகையும் நம் குடாவுக்கும், மெதேன் கணக்குப் பிறிதொரு நாட்டுக்கும் சென்றிருக்கும். அச்சம்பூரிலேயே 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலிற் தொடக்கிவைக்கப்பட்டது. ஞாயிற்றொளிக்குச் சுரங்கம் வேண்டா. எரிபொருளின் வழி வரும் மெதேனும் இல்லை.

அதே மாதத்தில் இரு நாட்டு மின்வலைகளையும் இணைக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. அவ்விணைப்பு நிறைவேறுங்கால், கடல் கடந்து வரும் மின்சாரம் கரியினின்று பிறந்ததா, கதிரவனின்று பிறந்ததா என வினவுதல் நம் கடனாகும்.

காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. எந்நாடு மிகுதியாக வெளியிட்டது என்று கேட்பதோடு அமையாது, யாருடைய விளக்குக்காக வெளியிட்டது என்றும் கேட்டல் வேண்டும். நம் கல்லூரி மாணவர் கணக்கேடுகளை இவ்வாறு ஆராய்ந்து கற்பாராயின், நாளை இத்துறைமுகத்துக்கு வரும் திட்டங்களை நிறுத்துப் பார்க்கும் ஆற்றல் அவர்க்கு உளதாகும்.