பத்தில் ஒருவர் பெர்லின் போனார்

சிறிய கொடிகள் – 9

2024 ஜனவரி 13, பெர்லின். ஐரோப்பிய ஆண்கள் ஹேண்ட்பால் கோப்பை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. நார்வே 26, ஃபாரோ தீவுகள் 23. நார்வே லேசுப்பட்ட அணி அல்ல. 2017, 2019 என அடுத்தடுத்த இரண்டு உலகக் கோப்பைகளில் இறுதிப் போட்டி வரை வந்த அணி. சாண்டர் சாகோசன் மாதிரி ஆள் இருக்கும்போது அந்த முன்னிலையைக் காத்துக்கொண்டாலே போதும், ஜெயித்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு நார்வே ஒரு கோல்கூடப் போடவில்லை. ஃபாரோ மூன்று போட்டது. மூன்றாவது, கடைசி நொடிகளில் கிடைத்த ஏழு மீட்டர் எறிதல், அதாவது ஹேண்ட்பாலின் பெனால்டி. எலியாஸ் எல்லெஃப்சென் ஆ ஸ்கிப்பகோட்டு எறிந்தார். 26-26.

ஐரோப்பியக் கோப்பையில் ஃபாரோ எடுத்த முதல் புள்ளி அதுதான். அரங்கில் வெற்றி பெற்றவர்களைப் போல அழுதுகொண்டிருந்த ரசிகர் கூட்டம் ஐயாயிரத்துக்குக் குறையாது. ஃபாரோவின் மொத்த மக்கள்தொகையே 54 ஆயிரம் சொச்சம். உடுமலையும் கோபிசெட்டிபாளையமும் 2011 கணக்கெடுப்பில் 60 ஆயிரத்தை ஒட்டி நின்ற ஊர்கள். அவற்றைவிடச் சிறிய தேசம் இது. கோவை மாவட்டத்துக்குள் அறுபது ஃபாரோக்களை அடக்கலாம். அந்தத் தேசத்தில் கிட்டத்தட்டப் பத்துப் பேருக்கு ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கடல் கடந்து, ஜனவரிக் குளிரில் பெர்லினுக்குப் போயிருந்தார்.

சென்ற வாரம் கத்தார் கதையைப் பார்த்தோம். 2015-ல் உலகக் கோப்பையைச் சொந்த ஊரில் நடத்தி, இறுதிப் போட்டி வரை வந்து, பிரான்ஸிடம் 22-25 எனத் தோற்ற அணி. அதன் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பெர்த்ரான் ருவானே 2011-ல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பையையே வென்றவர். விதியில் அதற்கு இடமிருந்தது, கத்தாரிடம் பணமிருந்தது. அதைப் படித்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு உடற்கல்வி ஆசிரியர் கேட்டார்: “ஏனுங்க, காசில்லாம எந்தச் சின்ன நாடாவது இதுல மேல வந்திருக்குதுங்களா?”

ஃபாரோவை ஏழை நாடு என்று சொல்ல முடியாது. மீன் ஏற்றுமதியில் நன்றாகவே வாழ்கிறவர்கள். ஆனால் ஆட்களை விலைக்கு வாங்கவில்லை. ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே 18 தீவுகள். மரம் அபூர்வம், மனிதரைவிட ஆடுகள் அதிகம். டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட சுயாட்சி. அங்கே காற்றும் மழையும் ஆண்டு முழுக்க உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கும்போது உடுமலை மைதானத்தில் பூப்பந்து ஆடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் காற்றோடு குளிரையும் மழையையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டிக்கொள்ளுங்கள். 1990-ல் ஃபாரோவின் கால்பந்து அணி தன் முதல் தகுதிச்சுற்று ஆட்டத்தை ஸ்வீடனில் போய் ஆட வேண்டியிருந்தது, ஊரில் முறையான புல்தரை இல்லாததால். (ஆஸ்திரியாவை 1-0 என்று வீழ்த்தினார்கள். குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடு நின்ற கோல்கீப்பரை ஐரோப்பா இன்னும் மறக்கவில்லை.) வெளியே ஆட முடியாத ஊரில் பிள்ளைகள் கூரைக்கு அடியில்தான் ஆட வேண்டும். ஹேண்ட்பாலுக்கு வேண்டியது 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், பக்கத்துக்கு ஏழு பேர், அரை மணி அரை மணியாக ஒரு மணி நேரம். அதற்கான அரங்கத்தை ஊர்தோறும் கட்டிவைத்தார்கள். இந்த அணியின் ரகசியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அந்தக் கட்டடங்களைத்தான் காட்டுவேன்.

வெஸ்ட்மன்னா என்றொரு கிராமம். சுமார் 1,200 பேர். நம்மூரில் அது ஒரு சின்னக் கிராமம். அங்கிருந்து நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடும் அணி வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் ‘தேர்வு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து வயதில் குட்டையாக இருக்கிறான், மெதுவாக ஓடுகிறான் என்று ஒருவனை அனுப்பிவிட்டால் அணியில் ஆள் குறைந்துவிடும். ஆக எல்லோரும் ஆடுகிறார்கள், எல்லோரும் பதினைந்து பதினாறு வயது வரை களத்திலேயே இருக்கிறார்கள். தாமதமாக முளைப்பவனும் தப்பிவிடுகிறான். தீவுக்குத் தீவு போய் வருவதும் இப்போது சுலபம்: 2020 டிசம்பரில் திறந்த 11 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கம், உள்ளேயே ஒரு ரவுண்டானாவோடு, ஒரு மணிக்கு மேல் எடுத்த ரூனாவீக்–தோர்ஷான் பயணத்தைக் கால் மணி நேரமாக்கிவிட்டது.

நெட்டையர்கள் கொட்டிக் கிடக்கும் நாடில்லை என்பதால் ஆட்டமும் வேறு மாதிரி அமைந்தது. தூரத்திலிருந்து எகிறி எறிவதைவிட, எதிராளியை ஒற்றைக்கு ஒற்றை ஏமாற்றி, இடுக்கில் நுழைந்து, ஆறு மீட்டர் கோட்டருகே போய் முடிப்பது. எலியாஸும், அவரைவிட இளையவரான ஓலி மிட்டூனும் இதில் கெட்டிக்காரர்கள். எலியாஸ் ஸ்வீடன் கிளப் வழியாக 2023-ல் ஜெர்மனியின் கீல் அணிக்குப் போனார். இந்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய முகவரிகள் குறைவு. ஹாக்குன் வெஸ்ட் அவ் டெய்கும் பின்னாளில் பெர்லின் கிளப்புக்கே ஆடப்போனார். பயிற்சியாளர் பீட்டர் பிரெட்ஸ்டோர்ஃப்-லார்சன் டென்மார்க்காரர். வாங்கியது என்று பார்த்தால் அவர் ஒருவரைத்தான்.

அதிர்ஷ்டமும் உண்டு, மறைப்பானேன். வளரும் நாடுகளுக்கென்று உலக ஹேண்ட்பால் சம்மேளனம் நடத்திய போட்டியை ஃபாரோ 2015, 2017 இரண்டிலும் வென்றது. ஆனால் பெரிய கதவு திறந்தது ஐரோப்பியக் கோப்பை 16 அணியிலிருந்து 24 அணியாகப் பெருத்தபோதுதான். ஆஸ்திரியா, ருமேனியா, உக்ரைன் இருந்த தகுதிப் பிரிவில் மூன்றாமிடம் பிடித்து, நல்ல மூன்றாமிடக்காரர்களில் ஒருவராக உள்ளே வந்தார்கள். பழைய ஏற்பாட்டில் வெளியேதான் நின்றிருப்பார்கள்.

திறக்காத கதவும் ஒன்று இருக்கிறது. ஃபாரோவுக்குத் தனி ஒலிம்பிக் அங்கீகாரம் இல்லை. நாளைக்கே ஐரோப்பாவை வென்றாலும் ஒலிம்பிக்ஸில் அந்தக் கொடியோடு ஹேண்ட்பால் ஆட முடியாது. வேடிக்கை என்னவென்றால், பாராலிம்பிக்ஸில் 1984 முதல் அதே கொடியோடு போய்வருகிறார்கள்.

நம் பக்கம் வருவோம். 1982 தில்லி ஆசிய விளையாட்டில்தான் ஹேண்ட்பால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நடத்திய நாடு நாம். 2023 ஜூனில் ஜெய்ப்பூரில் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்தபோது ஆறு அணிகள் இருந்தன, தமிழ்நாட்டின் பெயரில் ஒன்றுமில்லை. கொங்குப் பள்ளிகளில் ஆட்டம் இல்லாமல் இல்லை; மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, முதலமைச்சர் கோப்பை எல்லாம் உண்டு. பெரும்பாலும் வெட்டவெளி மண்தரை. கோல்கீப்பர் பாய்ந்து விழுந்தால் முழங்கை தோல் உரியும். பிளஸ் டூ முடித்து, சான்றிதழை விளையாட்டு ஒதுக்கீட்டில் காட்டிக் கல்லூரிச் சீட்டு வாங்கியதும் பந்து மூலைக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதுக்கு மேல் வாரம் தவறாமல் ஆட ஊரில் ஒரு லீக் இல்லாதபோது, சீட்டாவது கிடைத்ததே என்றுதான் பெற்றவர்கள் நினைப்பார்கள். கோவைக்குக் கூடைப்பந்தில் நல்ல பெயர் இருக்கிறதென்றால், கல்லூரி அரங்கங்களும் ஆண்டு தவறாத கோப்பைகளும் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

பெர்லினில் பிறகு என்ன ஆயிற்று? ஸ்லோவேனியாவிடம் ஏற்கெனவே 29-32. நார்வே ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்துப் போலந்திடம் 28-32. ஒரே ஒரு புள்ளியோடு ஊர் திரும்பினார்கள். அடுத்த தகுதிச் சுற்றில் நெதர்லாந்து, உக்ரைன், கொசோவோ இருந்த பிரிவிலிருந்து 2026 கோப்பைக்கும் இடம் பிடித்தார்கள். அந்தக் கோப்பையில் அவர்களுடைய ஆட்டங்கள் ஆஸ்லோவில், ஃபாரோக்காரர்களுக்குப் பெர்லினைவிடக் கிட்டம்.

அடுத்த வாரம்: 2008 பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கிய ஐஸ்லாந்து அணியும், ஆறே வாரத்தில் கவிழ்ந்த அந்நாட்டு வங்கிகளும்.