வெந்நீர் லைன் பூச்சுக்கு முன்பே முடிவாகட்டும்

புது வீட்டுக்கு டைல்ஸ் நிறத்தைக் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்வு செய்கிறோம். வெந்நீருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியோ கிரகப்பிரவேசம் முடிந்து முதல் மார்கழி வந்த பிறகுதான் எழுகிறது. அதற்குள் குழாயும் ஒயரும் சுவருக்குள் போய்விடும். அவை எதற்கு இடம் கொடுக்கின்றனவோ அதைத்தான் வாங்க முடியும்.

வீட்டில் வாளிக் குளியலா, ஷவரா? கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. நான்கு பேர் ஆளுக்கு 20 லிட்டர் வாளியில் குளித்தால் 80 லிட்டர். 25 டிகிரியில் இருக்கும் தொட்டித் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் போதும். அதே நால்வரும் ஷவரில் பத்துப் பத்து நிமிடம் நின்றால் 350 லிட்டர் போகும், ஆறு யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டோடு நிற்காமல், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறுகிறது. ஊட்டி, கொடைக்கானல் தண்ணீர் இன்னும் 15 டிகிரி குளிர்ந்திருந்தால் செலவு அப்படியே இரட்டிப்பாகும்.

சமவெளியில் வாளிக் குளியல் குடும்பத்துக்கு 15 லிட்டர் கீசரே தாராளம். அவர்கள் சோலாருக்குப் பணம் போடத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஷவர் பழகிய வீடு, கூட்டுக் குடும்பம், சொந்த மொட்டை மாடி என்றால் சோலார் நல்ல தேர்வு. ஆனால் அதற்குக் கட்டும்போதே இடம் ஒதுக்க வேண்டும். தெற்கு நோக்கி நிழல் விழாத இடம் வேண்டும். தண்ணீர் தானாக இறங்கி நிரம்ப, மேல்நிலைத் தொட்டி சோலார் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டிக்கு மேடை கட்டும் கொத்தனாருக்கு இதை யாரும் சொல்வதில்லை. பிரஷர் பம்ப் வைக்கும் எண்ணம் இருந்தால், அந்த அழுத்தத்தைத் தாங்கும் மாடலைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணத் தொட்டி தாங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் ஏமாற்றும் என்பதால் மின்சார காயிலும் தேவை.

குழாய் நீளத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாடியிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், அதற்குள் மட்டும் கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் குழாயைத் திறந்ததும் அந்த ஆறிப்போன தண்ணீர்தான் முதலில் வரும். ஆகவே குளியலறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அமைத்து, லைனைக் குறுக்கி, குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போடச் சொல்லுங்கள். வெந்நீருக்கு சிபிவிசி குழாய்தான். சாதாரண பிவிசி சூட்டில் தளர்ந்துவிடும்.

ஹீட் பம்ப் இப்போது கடைகளில் கிடைக்கிறது. சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், கீசருக்கு ஆகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். நம் ஊர் வெதுவெதுப்பான காற்று அதற்கு மிகவும் தோது. விலை அதிகம், காற்றோட்டமான இடமும் வேண்டும். வெந்நீர் நிறையச் செலவாகும் வீட்டில்தான் போட்ட பணம் திரும்பும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் எதிலும் சுண்ணாம்புப் படிவு ஏறும். சோலாரில் தாமிரத் தட்டு வகையை விரும்பினால், ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதாகப் பாருங்கள்; இல்லாவிட்டால் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கீசர் தொட்டிக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். தொட்டியின் இரும்புக்குப் பதிலாக அது அரிபடும். சர்வீஸுக்கு ஆள் வரும்போது அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பென்சில் போல மெலிந்திருந்தால் உடனே மாற்றிவிடுவது நல்லது.

மின்சாரக் கருவி எதுவானாலும் போர்டிலிருந்து தனி லைன், சரியான எர்த், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி மூன்றும் கட்டாயம்.

கேஸ் கீசர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அது மூடிய குளியலறையில் எரியும்போது பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. உள்ளே இருப்பவர் மயங்கிச் சரியும்வரை எதுவும் தெரியாது. குளிக்கப் போனவர்கள் பிணமாகக் கிடந்த செய்திகளைக் குளிர்காலங்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அடுப்புப் பகுதியைச் சுவருக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ சந்திலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு வழியில்லாத வீட்டில் கேஸ் கீசர் வாங்க வேண்டாம்.