நெல் வயலின் மீத்தேன் கணக்கு

உழவர் தம் வீட்டு வரவு செலவை எழுதி வைப்பது போல, ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள்ளிருந்து காற்றில் கலக்கும் வாயுக்களுக்குக் கணக்கு எழுதுகிறது. 1992-ல் ஏற்பட்ட ஐக்கிய நாடுகளின் தட்பவெப்பநிலை மாற்ற உடன்படிக்கையின்படி இக்கணக்கை உலக நாடுகளின் முன் வைக்க வேண்டும். ஆலைப் புகை, வாகனப் புகை, கால்நடை வெளிவிடும் வாயு ஆகியவற்றுடன் நெல் வயலும் இக்கணக்கில் இடம் பெறுகிறது. கணக்கு தவறானால் பழி தவறான தலையில் விழும். ஆகவே சிறு விவசாயிகளும் இதை அறிந்திருப்பது நல்லது.

மீத்தேன் உண்டாகும் விதம்

நீர் தேங்கிய வயலில் மண்ணுக்குள் காற்று புகாது. அந்நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் தாள், தழை, வேர் ஆகியவற்றைச் சிதைக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதுவே. கலனில் உண்டாகும் வாயு குழாய் வழியே அடுப்புக்குப் போகிறது. வயலில் நெற்பயிரின் தண்டே குழாயாகிறது. பெரும்பகுதி வாயு தண்டிலுள்ள காற்றறைகளின் வழியாகவே வெளியேறுகிறது.

நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் பூமியைச் சூடாக்கும் திறன் ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்காகும். தரைமட்டக் காற்றில் ஓசோன் வாயு உண்டாவதற்கும் மீத்தேன் துணை போகிறது. அந்த ஓசோன் பயிரின் இலைகளைப் பாதித்து விளைச்சலைக் குறைக்கக் கூடியது.

ஒரு தவறான கணக்கும் அதன் திருத்தமும்

1990-ஐ ஒட்டி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு மதிப்பீடு வெளியிட்டது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 இலட்சம் டன் மீத்தேனை வெளிவிடுவதாக அது கூறிற்று. இது நம் வயல்களில் அளந்து கண்ட எண் அன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அளந்த அளவுகளை நம் நெல் பரப்புக்குப் பொருத்திக் கணித்தது.

இதைச் சரிபார்க்க, புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் டாக்டர் ஏ. பி. மித்ரா தலைமையில் 1991-ல் நாட்டின் பல பகுதிகளில் நேரடியாக அளவெடுக்கப்பட்டது. பயிரின் மேல் ஒளி புகும் பெட்டியைக் கவிழ்த்து, குறிப்பிட்ட நேர இடைவெளியில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக் குழலால் எடுத்து, கருவியில் சோதிப்பது இம்முறை. ஆண்டுக்குச் சுமார் 40 இலட்சம் டன் என்பதே விடை. முதல் மதிப்பீட்டில் இது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. 2004-ல் இந்தியா ஐக்கிய நாடுகளுக்கு அளித்த முதல் அறிக்கையும், 1994-ம் ஆண்டுக்கு ஏறத்தாழ 41 இலட்சம் டன் என்றே கூறியது.

எண் குறைவாக வந்ததால் மட்டும் அது நல்ல கணக்காகி விடாது. வயலில் அளந்து பெற்றதே அதன் சிறப்பு. அளந்ததில் கூடுதலாக வந்திருந்தாலும் அதை ஏற்றிருக்கத்தான் வேண்டும்.

நீர் நிர்வாகமே முக்கியம்

சாகுபடிப் பரப்பை, ஒரு போகத்தில் ஒரு ஹெக்டேர் வெளிவிடும் வாயுவின் அளவால் பெருக்குவதே கணக்கிடும் முறை. இந்த இரண்டாவது எண் நீர் கட்டும் விதத்தைப் பொறுத்து மாறும். இந்தியக் கணக்கில் கையாளப்பட்ட அளவுகளை ஏக்கருக்கு மாற்றினால் கீழ்க்கண்டவாறு அமையும்:

போகம் முழுவதும் நீர் தேங்கும் வயல் – சுமார் 65 கிலோ.
இடையில் ஒரு முறை நீர் வடித்துக் காயவிடும் வயல் – சுமார் 27 கிலோ.
பல முறை காயவிடும் வயல் – சுமார் 7 கிலோ.

ஆகவே, எத்தனை ஏக்கர் நெல் என்பது மட்டும் தெரிந்தால் போதாது. நீர் எப்படி நின்றது என்பதும் தெரிய வேண்டும். அதை நன்கு அறிந்தவர் உழவரே.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. அடங்கலில் பயிர், பரப்பு, பாசன விவரங்கள் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று ஒவ்வொரு போகமும் பார்த்துக் கொள்ளவும். ஆய்வாளர்கள் கேட்டால் நீர் நின்ற நாட்களையும் வைக்கோலை என்ன செய்தோம் என்பதையும் உள்ளபடி கூறவும். எரித்திருந்தால் எரித்ததாகவே சொல்ல வேண்டும்.

2. நீரைக் கட்டுப்படுத்த முடிந்த இடங்களில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டலாம். சுமார் 30 செ.மீ. நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு, அப்பகுதியை 15 செ.மீ. ஆழம் மண்ணில் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றி விடவும். நடவு செய்து இரண்டு வாரம் கழித்து, குழாயினுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் கட்டினால் போதும். களை மிகுந்த வயலில் இன்னும் ஒரு வாரம் பொறுத்துத் தொடங்கலாம். பூக்கும் தருணத்திற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் காயவிடக் கூடாது.

3. நடவுக்குச் சற்று முன் பச்சை வைக்கோலை மடக்கி உழுது நீர் கட்டினால் மீத்தேன் மிகும். அதை மட்கச் செய்து எருவாக இடுவது நல்லது.

4. காயவிடும் வயலில் யூரியாவை அதிகமாக இட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயு வெளியேறும். இலை வண்ண அட்டையைப் பார்த்து, தேவைக்கேற்பப் பிரித்து இடவும்.

வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் தாழ்வான சம்பா வயலை வடிக்க முடியாது. அதற்காக விவசாயிகள் கவலைப்பட வேண்டியதில்லை. அத்தகைய வயல்களுக்குக் கணக்கில் தனி வகை உண்டு.

மீத்தேனைக் குறைத்தால் பணம் தருவதாகக் கூறும் திட்டங்களும் இப்போது வந்துள்ளன. எவர் அளப்பார், எதை அடிப்படையாகக் கொள்வார், பணம் எப்போது வரும் என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். நீர் கட்டிய நாட்களையும் காயவிட்ட நாட்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால், அப்போதும் அதுவே உழவருக்குச் சான்றாக நிற்கும்.