உரத்த இசை – 7: தாத்தியானாவின் தொண்டை

பாட்டு மெதுவாகத்தான் தொடங்குகிறது. மெல்லிய கிட்டார் ஒலி, அதன்மேல் ஒரு பெண்ணின் இளகிய குரல். மெட்டல் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சற்று நேரத்தில் அதே பெண் அடித்தொண்டையிலிருந்து உறுமுகிறார், மறுபடி இளகுகிறார். உக்ரைனின் ஜிஞ்சர் குழு 2016-இல் வெளியிட்ட 'கிங் ஆஃப் எவ்ரிதிங்' ஆல்பத்தில் உள்ள 'பைசீஸ்' அது. பாடுபவர் தாத்தியானா ஷ்மாய்லியுக்.

சுபாங் ஜெயாவின் கல்லூரிப் பிள்ளைகளில் இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் இருப்பார்கள். பெற்றோருக்கோ மெட்டல் என்றாலே கலக்கம். 2001-இல் பிளாக் மெட்டல் பற்றி நாட்டில் எழுந்த பரபரப்பும், 2013-இல் லேம்ப் ஆஃப் காட் குழுவின் கோலாலம்பூர் நிகழ்ச்சிக்கு விழுந்த தடையும் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பெற்றோருக்காகவே இந்த வாரம் எழுதுகிறேன்.

"தொண்டை என்னத்துக்கு ஆகும்?" இது நியாயமான கேள்வி. குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு சோடி மடிப்புகள் உண்டு. பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். பேசும்போது அவை ஒதுங்கியே இருக்கும். உறுமும்போது அவற்றை நெருக்கி அதிரவிடுகிறார்கள். கரகரப்பு அங்கே பிறக்கிறது. மூச்சை அடிவயிற்றிலிருந்து தாங்கிக் கொடுக்க வேண்டும், தொண்டையை இறுக்கக் கூடாது. நமக்குக் கேட்கும் அளவுக்குப் பாடுபவர் கத்துவதும் இல்லை. பாதி வேலையை மைக் பார்த்துக்கொள்ளும். முறை தெரியாமல் கத்தினால் தொண்டை புண்ணாவது உறுதி. விடிய விடியப் பாடும் கூத்துக் கலைஞரைக் கேளுங்கள், இந்தக் கணக்கு அவருக்கு உடனே விளங்கும். இது ஆவேசமே அல்ல, சாதகம்.

ஆனால் திறமை மட்டும் என்னைக் கட்டிப்போடவில்லை. 2019-இல் வந்த 'மேக்ரோ' ஆல்பத்தில் 'ஜட்ஜ்மென்ட் அண்ட் பனிஷ்மென்ட்' என்றொரு பாட்டு. இடிபோல முழங்கும் கிட்டாருக்கு நடுவே ஜமைக்காவின் ரெகே தாளம் நுழைகிறது. பல குழுக்களிடம் இப்படிப்பட்ட கலப்பு ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். இங்கே தாளம் மாறும்போது பாடுகிறவரே வேறு ஆளாகிவிடுகிறார். அந்தக் குரல் இல்லையென்றால் பாட்டு துண்டு துண்டாகச் சிதறியிருக்கும்.

இவர்கள் கிழக்கு உக்ரைனின் ஹோர்லிவ்காவில் தொடங்கியவர்கள். 2014-இல் அங்கே போர் மூண்டதும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 'மேக்ரோ'வில் உள்ள 'ஹோம் பேக்', போரில் வீடிழந்தவர்களின் பாட்டு. சீஃபீல்டு ரப்பர் தோட்டத்தை அழித்து எழுந்த ஊர் நம் சுபாங் ஜெயா. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். போரும் தோட்டத் துண்டாடலும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தப் பாட்டில் அவர்களுக்குப் புரியாதது எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். 2022-இல் முழுப் போர் வெடித்தபின், அரசின் சிறப்பு அனுமதியோடு வெளிநாடுகளுக்குப் போய்ப் பாடி, நாட்டுக்காக நிதி திரட்டினார்கள்.

அடுத்த வாரம் நமக்குப் பக்கத்திலேயே, மேற்கு ஜாவாவின் காருட் ஊருக்குப் போவோம். அங்கே முக்காடிட்ட மூன்று பெண்கள் பள்ளிப் பருவத்தில் தொடங்கிய குழு, வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட், 2024-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மேடை ஏறிய கதை.