வினிகர் காட்டிக்கொடுக்கும் புற்றுநோய்… தெரியுமா?

ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே வினிகர், அது ஒரு பெண்ணின் உயிரையே காக்கும், தெரியுமா? அதிலுள்ள அசிட்டிக் அமிலத்தை 4 சதவீதக் கரைசலாகக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் போதும், கோளாறான திசு வெள்ளை வெளேரென்று தெரியும்! 2000-இல் தொடங்கி, திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான 31,000-க்கும் அதிகமான பெண்களை இப்படிப் பரிசோதித்துப் பார்த்தார்கள். செய்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற நர்சுகள்! ஆளுக்கு ஒரே ஒரு முறைதான். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவுகள், மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தன. 2007-இல் இதை உலகுக்குச் சொன்னது 'லான்செட்' மருத்துவ இதழ்.

எப்படி முடிந்தது? இந்த நோய் மெதுவாக வளர்வது. ஹெச்பிவி வைரஸ் தொற்றி, அது உடலிலேயே தங்கி, புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 10, 15 ஆண்டுகளாவது ஆகும். அதற்குள் கோளாறான திசுவைக் கண்டுபிடித்து அகற்றினால் புற்றுநோய் வரவே வராமல் தடுத்துவிடலாம்!

கண்டுபிடிக்க இன்னொரு வழி, கருப்பை வாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை. அதைத் தந்த கிரேக்க மருத்துவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவுக்கு ஆண்டுக்கணக்கில் மாதிரி கொடுத்து உதவியவர் யார் தெரியுமா? அவர் மனைவி ஆண்ட்ரோமாக்கி! அந்தப் பெண்மணியின் பெயரையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னும் கேளுங்கள். பிரிட்டனில் 1960-களிலேயே இந்தச் சோதனை வந்துவிட்டது. ஆனாலும் நோய் அசைந்து கொடுக்கவில்லை! 1988-இல் ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லிக் கடிதம் போட்டு அழைத்தார்கள். ஆறே ஆண்டுகளில், பரிசோதித்துக்கொண்டவர்கள் 42 சதவீதத்திலிருந்து 85 சதவீதமானார்கள். நோயும் சரசரவென்று இறங்கியது. கருவி இருந்தால் மட்டும் போதாது, கூப்பிட ஆள் வேண்டும்!

சென்னையில் 1980-களில் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத்தான் முதலிடம். இன்று மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறங்கியது பரிசோதனையால் அல்ல. தாமதமான திருமணம், குறைந்த பிரசவங்கள், சுகாதார வசதி ஆகியவற்றையே ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். ஊர் ஊராக அழைத்துப் பரிசோதித்தால் இன்னும் எவ்வளவு இறங்கும், எண்ணிப் பாருங்கள்!

பரிசோதனையோடு தடுப்பூசியும் சேர்ந்தால்? ஆஸ்திரேலியாவில் 2007-இலேயே பள்ளி மாணவிகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி வந்துவிட்டது. பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் சோதனையும் அங்கே உண்டு. 2021-இல் அந்த நாடு முழுவதிலும் 25 வயதுக்குட்பட்ட எத்தனை பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது தெரியுமா? ஒருவருக்குக்கூட இல்லை!