வீட்டுக் கணினியும் பாதுகாப்பு இற்றைப்படுத்தலும்

வீட்டிற் கணினி வைத்திருப்போர் பலர், திரையில் அவ்வப்போது தோன்றும் இற்றைப்படுத்தல் அறிவித்தலைக் கண்டதும், 'பின்னர்' என்னும் பொத்தானை அழுத்திவிட்டுத் தங் கருமத்திலே கண்ணாயிருப்பர். வங்கிக்கும் அரச அலுவலகத்துக்கும் வேண்டிய காவல், கடிதமும் படமும் மாத்திரம் உள்ள வீட்டுக் கணினிக்கு எற்றுக்கு என்பது அவர்தம் வினா. கள்வன் பொருளுள்ள வீட்டையே நாடுவான் என்னும் உலக வழக்கை அடியாகக் கொண்டது அவ்வினா. கணினியுலகிலோ களவு அங்ஙனம் நிகழ்வதில்லை.

2003ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்றை நோக்குக. விண்டோஸ் பணிசெயல் முறைமையிற் குறையொன்று காணப்பட, யூலை 16ஆம் நாள் மைக்ரோசொப்ற் நிறுவனம் அதற்குரிய திருத்தத்தை விலையின்றி வெளியிட்டது. இருபத்தாறு நாள் கழித்து, ஓகஸ்ட் 11இல், பிளாஸ்ரர் என்னும் புழு நிரல் இணையத்திற் பரவலாயிற்று. அஃது எவருடைய பெயரையும் பொருளையும் நாடியதன்று. இணைய முகவரி எண்களைத் தானே தட்டிப் பார்த்து, திருத்தம் பெறாத கணினி எதுவாயினும் உட்புகுந்தது. உரியவர் ஐயத்துக்கிடமான மின்னஞ்சலைத் திறத்தலும் வேண்டியதில்லை. கணினி இணையத்தோடு தொடுக்கப்பட்டிருத்தலே போதுமாயிற்று. அறுபது விநாடியிற் கணினி நின்று மீளத் தொடங்கும் என்னும் அறிவித்தலைக் கண்டு பலர் திகைத்தனர். திருத்தத்தை இறக்கிக்கொள்ளுதற்கும் அவர்க்கு அவகாசங் கிடைத்திலது. அம்மட்டோ! புகுந்த கணினிகளையெல்லாம் ஒரு படையாக்கி, திருத்தங்களுக்கு வழிகாட்டிய இணைய முகவரியையே ஓகஸ்ட் 16இல் தாக்குமாறு அப்புழு இயற்றப்பட்டிருந்தது. நிறுவனத்தார் அம்முகவரியை முன்னரே நீக்கியமையால் அத்தாக்குதல் பலிக்கவில்லை.

திருத்தம் வெளிவந்த பின்னர்ப் புழு தோன்றியது ஏன்? திருத்தம் வெளியாகும் நாளே குறை உலகறியும் நாளுமாகும். முந்திய நிரலையும் திருந்திய நிரலையும் ஒப்புநோக்குவார்க்கு மாற்றம் பெற்ற இடம் புலனாகும். குறை இருந்ததும் ஆங்கேயாம். இரண்டு ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியர் தொழிலை ஒத்தது இது, நோக்கந்தான் வேறு. ஆதலின், இற்றைப்படுத்தாத கணினி முன்னிருந்த நிலையிலேயே நிற்பதன்று, முன்னையினும் இடர் மிக்க நிலையை அடைவது.

2017இலும் இதுவே நிகழ்ந்தது. மார்ச் 14இல் திருத்தம் வந்தது. மே 12இல் வன்னாக்கிறை என்னும் புழு 150க்கு மேற்பட்ட நாடுகளிற் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்து 300 டொலர் மீட்புப் பணங் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளும் இடருற்றன. கள்வனுக்கு மதிப்பில்லாத குடும்பப் படம் உரியவருக்கு மதிப்புடையது. அம்மதிப்பே இக்களவின் முதல்.

இற்றைப்படுத்தலாலும் கேடு வருவதுண்டே எனின், உண்மையே. 2024 யூலை 19இல் கிறவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழைபட்ட இற்றைப்படுத்தல் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை முடக்கிற்று. எனினும் அது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள். வீட்டுக் கணினிகளை அக்கேடு பெரும்பாலும் தீண்டவில்லை. அஞ்சுவோர் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்து வைத்தபின் ஓரிரு நாள் பொறுத்து இற்றைப்படுத்தலாம். மாதக்கணக்கில் ஒத்திவைத்தல் அதனின் வேறு.

திருத்தமே வாராத பழைய முறைமைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. விண்டோஸ் 10க்குரிய வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிவுற்றது. நீட்டிப்புத் திட்டத்திற் சேராத அத்தகைய கணினியைப் புதிய முறைமைக்கு மாற்றுதல் வேண்டும். அன்றேல் இணையத் தொடர்பின்றி எழுத்து வேலைக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளலாம்.