பதுளையில் இருந்துகொண்டு லண்டன் பட்டம்

2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வில் இலங்கையின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் எனத் தெரியவந்தது. தோட்டப்புறத்தில் மட்டும் அது 32. பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத் தோட்ட டிஸ்பென்சரிகள் மருந்து கொடுத்தே இந்த இடைவெளியை மூடிவிட முடியாது. லயத்துத் தண்ணீர், கழிப்பறை, தாயின் சம்பளம், பிள்ளைக் காம்பராவில் குழந்தை கழிக்கும் பொழுது எல்லாமே அந்த உயரக் குறைவில் கலந்திருக்கின்றன.

இவற்றைக் கணக்கெடுத்துக் காரணம் தேடும் படிப்புதான் பொதுச் சுகாதாரம். வீட்டிலிருந்தே இதில் முதுமாணிப் பட்டம் பெறலாம். லண்டன் சுகாதார, வெப்பவலய மருத்துவக் கல்லூரி 1998 முதல் தொலைக்கல்வி நடத்துகிறது. எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை. ஐந்து ஆண்டுவரை இழுத்துப் படிக்கலாம் என்பதால் வேலையையும் விட வேண்டாம்.

கட்டணம் பவுணில். 2022இல் ரூபாய் சரிந்தபின், தாதி ஒருவரின் சம்பளத்துக்கு இது எட்டாத உயரம். புலமைப்பரிசில் இல்லாமல் இறங்குவது புத்தியல்ல. சிக்னலும் ஒரு செலவுதான்: 2021இல் லுணுகலைப் பிள்ளைகள் பாடம் இறக்குவதற்காக மலையுச்சியில் சுமார் 30 அடி உயர மரவீட்டில் ஏறினார்கள். ஆகவே நேரலை வகுப்பை நம்பியிருக்கும் பாடநெறியைவிட, இறக்கிவைத்துப் படிக்கக்கூடியதே இங்கே தோது.

விளம்பரங்கள் சொல்லாத விஷயம் ஒன்றுண்டு. இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி ஆக முடியாது. அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். சமுதாய மருத்துவ நிபுணராவதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்துக்குத்தான் போகவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சியோ களுத்துறையில் இருக்கிறது. ஆக, இது புதிதாக வேலை தேடுபவரைவிட, ஏற்கெனவே துறைக்குள் இருப்பவருக்கே கைகொடுக்கும். தாதி, பரிசோதகர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், தொண்டு நிறுவன ஊழியர் என அந்த வரிசை நீளும். அவர்களில் முதல் பட்டம் இல்லாதவர்கள் பதுளையில் நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தில் தொடங்கலாம். எந்த வெளிநாட்டுப் பட்டமானாலும், காசு கட்டுமுன் அதற்கு அங்கீகாரம் உண்டா எனப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரித்துக்கொள்வது நல்லது.

படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். ஆனால் ஆய்வுக்கென்று லயத்துக்குள் நுழைந்தால், பிள்ளை நேற்று என்ன சாப்பிட்டது என்று தாயிடம் தமிழில்தான் கேட்கவேண்டும். கொழுந்து நிறுத்துவிட்டுக் களைத்து வந்தவள், கேட்பவர் தோட்டத்து ஆள் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வாள். தோட்டத்தில் பிறந்த மாணவருக்கு அங்கேதான் அனுகூலம்.